ரிஃப்ரெஷ் செய்தால் 404: ஒற்றைப் பக்கச் செயலியின் ரவுட்டிங் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மஹரகமவுக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடும் 138ஆம் இலக்க பஸ்ஸின் நேரங்களைக் காட்டும் ஒரு செயலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இயங்குகிறது. முகப்பிலிருந்து அழுத்திக்கொண்டே போனால் /தமிழ்/பஸ்/138 என்ற பக்கம் உடனே திறக்கிறது. அதே முகவரியை வத்தளையில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவருடைய கைப்பேசியில் ‘பக்கம் இல்லை’ என்று, அதாவது 404 என்ற நிலைக்குறியுடன், வருகிறது. அவர் இணைப்பு பிழை என்று நினைத்து மூடிவிடுவார். செயலியைக் கட்டியவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

ஒரே எச்டிஎம்எல் பக்கத்தை ஒரு தடவை இறக்கி, அதன் பிறகு திரையை அதற்குள்ளேயே மாற்றுவது ஒற்றைப் பக்கச் செயலி. அதில் ஒரே முகவரியை இருவர் படிக்கிறார்கள். பக்கம் முதன்முதலில் திறக்கும்போது சர்வர் படிக்கிறது. அதன் பிறகு ஒவ்வோர் அழுத்தத்தையும் பிரௌசருக்குள் ஓடும் ரவுட்டர் பிடித்துக்கொள்கிறது. சர்வருக்குச் செய்தியே போவதில்லை. ரவுட்டர் செய்வது இரண்டு வேலைகள்: புஷ்ஸ்டேட் என்ற பிரௌசர் வசதியால் முகவரிப் பட்டையை மாற்றுவது, அதற்குரிய கூறை, அதாவது அந்தப் பக்கத்தை வரையும் நிரல் துண்டை, ஓட்டித் திரையில் வரைவது. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாததால் வருபவை. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த முகவரிக்குப் பதில் சொன்னது யார்? பிரௌசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். பக்கத்துக்கான கோரிக்கை ஒன்று புதிதாகப் போனால் சர்வர் பதில் சொல்கிறது. தரவுக் கோரிக்கைகள் மட்டும் போனால், அல்லது எதுவுமே போகாவிட்டால், ரவுட்டர். இதைப் பார்க்காமல் நிரலைக் கிளறத் தொடங்குவது வீண் உழைப்பு.

அழுத்தினால் திறக்கிறது, ரிஃப்ரெஷ் செய்தால் 404

சர்வரில் ‘138’ என்ற பெயரில் கோப்பு எதுவும் இல்லை. இருப்பது ஒரேயோர் இன்டெக்ஸ் பக்கமும் சில ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுமே. எனவே சர்வர் 404 சொல்வது அதன் அளவில் சரியான பதில். கேட்ட பெயரில் கோப்பு இல்லாவிட்டால் இன்டெக்ஸ் பக்கத்தை 200 (‘சரி’) என்ற நிலைக்குறியுடன் கொடு என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் இதற்கு ‘டிரை ஃபைல்ஸ்’ என்ற கட்டளை இருக்கிறது: முதலில் அதே பெயருள்ள கோப்பு, பிறகு அதே பெயருள்ள கோப்புறை, கடைசியில் இன்டெக்ஸ் என்று வரிசையாக எழுதுவார்கள். அப்பாச்சியில் ‘ஃபால்பேக் ரிசோர்ஸ்’ என்ற ஒரே வரி போதும். நெட்லிஃபை, ஃபயர்பேஸ் போன்ற தளமேற்றும் சேவைகளில், கேட்ட முகவரிக்கு வேறொரு கோப்பைத் தரும் ரீரைட் விதி ஒன்று சேர்க்க வேண்டும். கிட்ஹப் பேஜஸில் அத்தகைய விதி இல்லாததால், இன்டெக்ஸின் நகலை 404 பக்கமாக வைக்கும் உத்தியைப் பலர் கையாளுகிறார்கள். மனிதருக்குப் பக்கம் தெரியும். ஆனால் நிலைக்குறி 404 ஆகவே இருப்பதால் தேடுபொறிகள் அந்தப் பக்கத்தைச் சேர்க்காது. பொதுமக்களுக்கான செயலிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தக் கோளாறு சொந்தக் கணினியில் ஏன் தெரிவதில்லை? செயலியின் நிரலைத் தொகுக்கும் வீட் போன்ற கருவிகள் உருவாக்கும்போது ஓட்டும் சர்வர், தெரியாத முகவரி எதற்கும் இன்டெக்ஸைத் தானாகவே தந்துவிடுகிறது. பில்ட் செய்த பின், அதாவது வெளியிடும் கோப்புகளாகத் தொகுத்த பின், முன்னோட்டம் காட்டும் சர்வரும் அப்படித்தான். எனவே அங்கே ரிஃப்ரெஷ் செய்து பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பில்ட் கோப்புறையைப் பைதானுடன் கூடவே வரும் எளிய சர்வரில் ஓட்டினால் 404 உடனே வெளிப்படும். ஆயினும் நம்பத்தக்க சோதனை ஒன்றுதான்: உண்மையான சர்வரில் ஏற்றிய பின், உள்ளே ஆழமாக இருக்கும் ஒரு முகவரியை இதுவரை அந்தத் தளத்தைத் திறக்காத கைப்பேசியில் நேரடியாகத் திறப்பது.

404க்குப் பதிலாக 403 வந்தால், ரவுட்டின், அதாவது ரவுட்டர் அறிந்த ஒரு பாதையின், பெயரில் ஓர் உண்மையான கோப்புறையும் இருக்கிறது என்று சந்தேகியுங்கள். பஸ் படங்களை ‘பஸ்’ என்ற கோப்புறையில் வைத்துவிட்டு, /பஸ் என்று ஒரு ரவுட்டும் வைத்தால், என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்புறையைக் கண்டுபிடித்து, உள்ளே இன்டெக்ஸ் இல்லாததால் அனுமதி மறுக்கிறது. கோப்புறையின் பெயரை மாற்றுங்கள்.

இன்டெக்ஸுக்குத் திருப்பும் விதி, தரவு தரும் ஏபிஐ முகவரிகளையும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் இருக்கும் கோப்புறையையும் தொடக் கூடாது. அங்கே கோப்பு இல்லையென்றால் 404 வரத்தான் வேண்டும். ஏன் என்பது அடுத்த அறிகுறியில் தெரியும்.

சர்வர் அமைப்பைத் தொடவே அனுமதி இல்லாத இடங்களில் சிலர் # குறியைப் பயன்படுத்தும் ரவுட்டருக்கு மாறுகிறார்கள். # குறிக்குப் பின்னுள்ள பகுதியைப் பிரௌசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே 404 வர வழியில்லை. அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் செயலிக்கு இது போதும். தேடுபொறியில் வர வேண்டிய தளத்துக்கு வேண்டாம். 2009இல் கூகுள் #! முகவரிகளை வாசிப்பதற்கென ஒரு முறையை முன்வைத்தது. 2015இல் அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது.

வெள்ளைத் திரை, கன்சோலில் ‘<’ குறியைப் பற்றிய பிழை

‘எதிர்பாராத < குறி’ என்று, டெவலப்பர் கருவியில் பிழைகளைக் காட்டும் பகுதியான கன்சோல் சொல்லும். இல்லையேல் ஜாவாஸ்கிரிப்ட் கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் வந்தது என்று சொல்லும். இரண்டும் ஒன்றே. பிரௌசர் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கேட்டது. அந்தக் கோப்பு இல்லாததால், மேலே சொன்ன விதி இன்டெக்ஸ் பக்கத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. இன்டெக்ஸின் முதல் எழுத்து ‘<’. நெட்வொர்க் பகுதியில் அந்தக் கோப்பின் நிலைக்குறி 200 என்று பச்சையாக இருப்பதால் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். நிலைக்குறியை விடுங்கள், பதிலின் வகையைப் பாருங்கள்.

கோப்பு ஏன் இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முகப்பில் சரியாக இருந்து உள்பக்கங்களில் மட்டும் வெள்ளைத் திரை வந்தால், கோப்பின் பாதை சார்புப் பாதையாக எழுதப்பட்டிருக்கிறது. ‘./’ என்று தொடங்கும் பாதையை /பஸ்/138 பக்கத்தில் நின்றுகொண்டு பிரௌசர் படித்தால், /பஸ்/ என்பதற்குள்ளே போய்த் தேடும். பில்ட் அமைப்பில் அடிப்படைப் பாதையை ‘/’ என்று வையுங்கள். தளம் ஒரு துணைக் கோப்புறையில் ஓடுகிறதென்றால் அந்தக் கோப்புறையின் பெயரை இரண்டு இடங்களில் சொல்ல வேண்டும்: பில்ட் கருவியிலும் ரவுட்டரிலும். ஒன்றில் மட்டும் சொன்னால் கோப்புகள் வரும், ரவுட் பொருந்தாது. அல்லது நேர்மாறாக நடக்கும். பேஸ் குறிச்சொல்லைப் போட்டும் இதைத் தீர்க்கலாம். ஆனால் அதன் பிறகு பக்கத்துக்குள்ளேயே தாவும் # இணைப்புகள் எல்லாம் முகப்புக்குப் போய்விடும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

இரண்டாவது காரணம் அதிகத் தொல்லை தருவது. நேற்றுவரை நன்றாக ஓடியது, புதிய பதிப்பை ஏற்றிய பின் சிலருக்கு மட்டும், அதுவும் அவ்வப்போது மட்டும் வெள்ளைத் திரை. பில்ட் கருவி ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் அதன் உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும் ஒரு குறியைச் சேர்க்கிறது. புதிய பில்டில் பெயர்கள் மாறுகின்றன. பழைய கோப்புகளை நாம் அழித்துவிடுகிறோம். ஆனால் வெள்ளவத்தையில் ஒருவர் காலையில் திறந்த டேப் இன்னும் திறந்தே இருக்கிறது. மாலையில் அவர் வேறு பஸ் இலக்கத்தை அழுத்தும்போது, அந்தப் பழைய டேப் பழைய பெயருள்ள கோப்பைக் கேட்கிறது.

இதற்கு மூன்று வேலைகள் செய்ய வேண்டும். ஒன்று, இன்டெக்ஸ் பக்கத்தின் கேஷ் தலைப்பை, அதாவது சேமித்த நகலைப் பிரௌசர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சர்வர் அனுப்பும் குறிப்பை, ‘நோ-கேஷ்’ என்று வையுங்கள். சேமிக்காதே என்பது இதன் பொருளன்று. பயன்படுத்தும் முன் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் கேட்டு உறுதி செய் என்பதே. பெயரில் குறி உள்ள கோப்புகளுக்கு ஓராண்டு, அதாவது 31536000 விநாடிகள், மாறாதது என்ற குறிப்புடன் கொடுங்கள். பலர் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்: இன்டெக்ஸ் நீண்ட நாள் கேஷில் கிடக்கும், கோப்புகள் ஒவ்வொரு தடவையும் இறங்கும். காசு போட்டு வாங்கிய டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் பயனருக்கு இது அநியாயம். இரண்டு, முந்தைய சில பில்டுகளின் கோப்புகளைச் சர்வரிலேயே விட்டுவையுங்கள். அவை பிடிக்கும் இடம் அற்பம். மூன்று, கோப்பு இறங்காத பிழையை நிரலில் பிடியுங்கள். வீட் இதற்கென ‘ப்ரீலோட் எரர்’ என்ற நிகழ்வை எழுப்புகிறது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில், பிழையைப் பிடிக்கும் எரர் பவுண்டரி என்ற கூறு உதவும்.

பிழையைப் பிடித்ததும் பக்கத்தைத் தானாகவே ரீலோட் செய்வதை உடனடித் தீர்வாகச் சொல்வார்கள். பழைய டேப்புக்கு அது சரி. ஆனால் கரையோர ரயிலில் சமிக்ஞை அறுந்து அறுந்து வரும்போதும் இதே பிழைதான் எழும். அப்போது ரீலோட் செய்தால், கையில் இருந்த பக்கமும் போய், பிரௌசரின் ‘இணைப்பு இல்லை’ திரைதான் மிஞ்சும். ஆகவே ஒரு தடவை மட்டும் தானாக ரீலோட் செய்யுங்கள்; செய்ததை, டேப் மூடும்வரை நிலைக்கும் பிரௌசர் சேமிப்பான செஷன் ஸ்டோரேஜில் குறித்துவையுங்கள். அதற்கும் மேல் தவறினால், இருக்கும் பக்கத்தை அழிக்காமல் ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்ற பொத்தானை அந்தந்த மொழியில் காட்டுங்கள்.

முகவரி மாறுகிறது, திரை மாறவில்லை

138ஐப் பார்த்துக்கொண்டிருந்தவர் 177ஐ அழுத்துகிறார். முகவரிப் பட்டையில் 177. திரையில் இன்னும் மஹரகம. இரண்டு முகவரிகளும் ஒரே ரவுட் அமைப்பில் அடங்குவதால், ரவுட்டர் கூறைப் புதிதாகப் படைப்பதில்லை. இருப்பதையே மீண்டும் பயன்படுத்துகிறது. கூறு பிறக்கும்போது மட்டும் தரவை எடுக்கும்படி எழுதியிருந்தால் அது மறுபடி ஓடாது. ரியாக்ட்டில் யூஸ்எஃபெக்ட்டின் சார்புப் பட்டியலில் பஸ் இலக்கத்தைச் சேர்க்க வேண்டும். வியூ என்ற இன்னொரு நூலகத்தில் ரவுட்டின் மாறியைக் கவனிக்கும் வாட்ச் எழுத வேண்டும். கூறுக்கு இலக்கத்தையே கீயாகக் கொடுத்துப் புதிதாகப் படைக்கவைப்பதும் ஒரு வழி. படிவங்கள் உள்ள பக்கத்தில் நான் அதைத்தான் விரும்புவேன். பழைய பக்கத்தில் தட்டிய எழுத்துகள் புதிய பக்கத்துக்கு ஒட்டிக்கொண்டு வராது.

சில வேளைகளில் 177 வந்து, ஒரு கணத்தில் மறுபடி 138 ஆகிவிடும். முதலில் அனுப்பிய கோரிக்கையின் பதில் பிந்தி வந்து, புதியதன் மேல் எழுதிவிட்டது. அலுவலக வைஃபையில் இது ஒருபோதும் தெரியாது. மருதானையில் மாலை நெரிசலில் பஸ்ஸுக்காக நிற்பவருக்கே தெரியும்; அவருக்குத் தவறான நேரத்தைக் காட்டுவது ஒன்றும் காட்டாததை விட மோசம். அபார்ட் கன்ட்ரோலர் என்ற பிரௌசர் வசதியால் பழைய கோரிக்கையை ரத்துச் செய்யுங்கள். டெவலப்பர் கருவியில் இணைய வேகத்தைக் குறைத்து, இரண்டு இலக்கங்களை அடுத்தடுத்து அழுத்திச் சோதியுங்கள்.

இன்னொரு காரணம், யாரோ நிரலில் நேரடியாகப் புஷ்ஸ்டேட்டை அழைத்திருப்பது. புஷ்ஸ்டேட் முகவரியை மட்டுமே மாற்றும். பாப்ஸ்டேட் நிகழ்வை எழுப்பாது. அந்த நிகழ்வு பின், முன் பொத்தான்களை அழுத்தும்போதுதான் வரும். எனவே ரவுட்டருக்குச் செய்தி தெரியாது. ரவுட்டர் தரும் செயற்கூறு வழியாகவே போங்கள்.

தமிழில் எழுதிய முகவரி பொருந்தவில்லை

இதற்கு ஆங்கில வழிகாட்டிகளில் விடை தேடிக் களைத்தவர்கள் உண்டு. அதனால் விரிவாகச் சொல்கிறேன். பிரௌசர் பட்டையில் தமிழைக் காட்டினாலும், ஜாவாஸ்கிரிப்ட்டிடம் பாதையைக் கேட்டால் % குறிகள் நிறைந்த வடிவமே கிடைக்கும். ‘கொழும்பு’ என்ற சொல்லில் யூனிகோட் குறிகள் 8. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் % குறியுடன் 3 எழுத்து. ஆக ஒரு சொல்லுக்கு 72 எழுத்துகள். கையால் எழுதிய ஒப்பீட்டில் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் இந்த 72 எழுத்தும் இருந்தால் ஒருநாளும் பொருந்தாது. ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு தடவை டீகோட் செய்யுங்கள், அதாவது % வடிவை மீண்டும் தமிழாக்குங்கள். ரவுட்டர் ஏற்கெனவே டீகோட் செய்து தந்ததை மீண்டும் செய்தால், பெயரில் % குறி இருக்கும்போது பிழை எறியும். நீண்ட இணைப்பு குறுஞ்செய்தியில் நடுவே வெட்டுப்பட்டு வந்தாலும் டீகோட் பிழை எறியும்; அதைப் பிடிக்காவிட்டால் முழுத் திரையும் வெள்ளை.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தாத சொற்கள் இதைவிடக் கடினம். ‘ொ’ என்ற குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். ‘ோ’, ‘ௌ’ இரண்டுக்கும் இதே கதை. கொழும்பு, கொள்ளுப்பிட்டி, கொட்டாஞ்சேனை, கோட்டை, புறக்கோட்டை: இந்த நகரத்தின் பெயர்களிலேயே அந்தக் குறிகள்தான் நிரம்பியிருக்கின்றன. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது; அத்தகைய கோப்புப் பெயர்களிலிருந்து ரவுட்களை உருவாக்கினால், ஒரு கணினியில் ஓடுவது மற்றொன்றில் ஓடாது. இரு பக்கத்தையும் ஒப்பிடும் முன் ‘நார்மலைஸ்’ செயற்கூறால் என்எஃப்சி என்ற சேர்த்த வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

என்எஃப்சியாலும் தீராதவை உண்டு. ‘ௌ’ குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’ என்ற எழுத்தும் தட்டியவை வேறு சொல்லாகவே இருக்கும். ‘ஸ்ரீ’ என்பதை ‘ஸ’ கொண்டும் எழுதலாம்; 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். சிங்களத்தில் கூட்டெழுத்துகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று வரும். முகவரியைச் சுத்தம் செய்வதாக நினைத்து அதை நீக்கும் நிரல் சொல்லையே சிதைத்துவிடும்.

இவற்றைக் கண்டு முகவரிகளை ரோமன் எழுத்துக்கு மாற்றிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் உடன்படவில்லை. தன் மொழியில் வாசிக்கத்தக்க முகவரி தமிழ்ப் பயனருக்கு உரியது. /இடம்/12-கொழும்பு என்று எண்ணையும் பெயரையும் சேர்த்து வையுங்கள்; பொருத்துவது எண்ணை மட்டும் கொண்டு. பெயர் எந்த வடிவில் வந்தாலும், வெட்டுப்பட்டு வந்தாலும் பக்கம் திறக்கும். திறந்த பின், வரலாற்றில் புதிய பதிவு சேர்க்காமல் முகவரியை மாற்றும் ரிப்ளேஸ்ஸ்டேட்டால் சரியான வடிவத்தைப் பட்டையில் வைத்துவிடலாம்.

மொழியை மாற்றினால் முகப்புக்குத் தள்ளிவிடுகிறது

மொழிப் பொத்தான் பாதையின் முதல் துண்டை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். இதோடு தொடர்புடைய இன்னொரு கோளாறு: தமிழ் இணைப்பைத் திறந்தால் ஆங்கிலப் பக்கம் வருகிறது. தமிழ் வாசிப்பவர்களிலும் பலர் கைப்பேசியை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். பிரௌசரின் மொழியைப் பார்த்துத் திருப்பிவிடும் நிரல், வெறும் முகப்பில் மட்டும் ஓடட்டும். முகவரியில் மொழி சொல்லப்பட்டிருந்தால் அதுவே இறுதி. ரவுட் மாறும்போது எச்டிஎம்எல் குறிச்சொல்லின் மொழிப் பண்பையும் மாற்றுங்கள்; திரைவாசிப்பான்கள் அதைப் பார்த்துத்தான் குரலைத் தெரிவு செய்கின்றன.

பின் பொத்தான் வெளியே விடவில்லை

வெறும் முகவரி /தமிழ் என்பதற்குத் திருப்பப்படுகிறது. அந்தத் திருப்பம் வரலாற்றில் புதிய பதிவாகச் சேர்ந்தால், பின்னே போகிறவர் வெறும் முகவரிக்குப் போவார். அங்கிருந்து உடனே முன்னே தள்ளப்படுவார். திருப்பங்கள் எல்லாவற்றுக்கும் ரிப்ளேஸ் பயன்படுத்துங்கள். உள்நுழைவுப் பக்கத்துக்கும் இதே விதி. தேடல் பெட்டியில் தட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் முகவரியை மாற்றும் செயலிகளில், தட்டும்போது ரிப்ளேஸ், முடிவைத் தெரிவு செய்யும்போது புஷ் என்று பிரியுங்கள். குறுகிய நேரத்துக்குள் நூறு தடவைக்கு மேல் வரலாற்றைத் தொட்டால் சஃபாரி பாதுகாப்புப் பிழை எறிந்து நிறுத்திவிடும். எனவே ரிப்ளேஸ் ஆனாலும், தட்டுவது ஓயும்வரை சற்றுப் பொறுத்து அழைப்பது நல்லது.

சின்னச் சின்ன அறிகுறிகள்

அழுத்தும்போதெல்லாம் திரை வெண்மையாக மின்னி முழுப் பக்கமும் இறங்கினால், அங்கே ரவுட்டரின் இணைப்புக் கூறுக்குப் பதில் சாதாரண இணைப்புக் குறிச்சொல் இருக்கிறது. புதிய பக்கம் நடுவிலிருந்து திறந்தால், ரவுட் மாறியதும் மேலே உருட்டச் சொல்லவில்லை. ரியாக்ட் ரவுட்டரிலும் வியூ ரவுட்டரிலும் இதற்கான வசதி உண்டு. பின்னே வரும்போது பழைய இடம் தொலைந்தால், தரவு வரும் முன் பக்கம் குட்டையாக இருந்திருக்கும். முன்பு எடுத்த தரவை நினைவில் வைத்திருந்து உடனே வரையுங்கள். ஆங்குலர் என்ற கட்டமைப்பில் எதை அழுத்தினாலும் ‘பக்கம் இல்லை’ என்று வந்தால், எல்லாவற்றையும் பிடிக்கும் இரட்டை நட்சத்திர ரவுட் பட்டியலில் மேலே இருக்கிறது. அங்கே முதலில் பொருந்துவதே வெல்லும், ஆகவே அதைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள்.

வாட்ஸ்அப்பில் எல்லா இணைப்புக்கும் ஒரே தலைப்பு, ஒரே படம்

முன்னோட்டம் எடுக்க வரும் வாட்ஸ்அப் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவதில்லை. அதற்குக் கிடைப்பது இன்டெக்ஸில் எழுதிய தலைப்பு மட்டுமே. ரவுட்டருக்குள் எவ்வளவு திருத்தினாலும் இது மாறாது, ஏனெனில் இங்கே பதில் சொல்வது சர்வர். ஒவ்வொரு பஸ் இலக்கத்துக்கும் பில்ட் நேரத்திலேயே தனி எச்டிஎம்எல் பக்கம் உருவாக்கிவிடுவது எளிது. பட்டியல் மிகப் பெரிதென்றால் சர்வரில் தலைப்பையும் படத்தையும் இட்டு அனுப்புங்கள்.

திரைவாசிப்பானில் பக்கம் மாறியதே தெரியவில்லை

இதை எவரும் முறையிடுவதில்லை. முறையிட வேண்டியவர்கள் அதற்குள் செயலியை விட்டுப் போயிருப்பார்கள். சாதாரணத் தளத்தில் புதிய பக்கம் திறந்ததும் திரைவாசிப்பான் தலைப்பைச் சொல்லும். ரவுட்டர் திரையை மாற்றும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. கவனக்குவிப்பு, அழிந்துபோன பழைய இணைப்பிலேயே தொலைகிறது. ஒவ்வொரு ரவுட்டிலும் முதலில் பக்கத் தலைப்பை மாற்றுங்கள்: ‘138 மஹரகம – புறக்கோட்டை’ என்று, அந்தந்த மொழியில். பிறகு பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்கு டேப்இன்டெக்ஸை -1 என்று வைத்து, கவனக்குவிப்பை அங்கே நகர்த்துங்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும். அதை நிறுவி, மவுஸைத் தொடாமல், முகப்பிலிருந்து 138 பக்கத்துக்கும் அங்கிருந்து பின்னேயும் போய்ப் பாருங்கள். தலைப்பு இரண்டு தடவையும் தமிழில் கேட்டால் இந்தக் கோளாறு தீர்ந்தது.